ஒரே குளத்து மீனுக்கு இரண்டாவது தண்ணீர்: குமரி மாவட்டக் குளங்களுக்கான செய்முறை

ஒரு மீன் உலகத்திலேயே ஒரே ஒரு ஏரியில்தான் இருக்கிறது என்றால், அதை அழிக்க அந்த ஏரிக்கு வரும் ஒரு கெட்ட ஆண்டு போதும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 'வெள்ளி ட்ரௌட்' என்றொரு மீன் இரண்டே சிறு ஏரிகளில் இருந்தது. அங்கே வேற்று மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அளவில்லாமல் பிடிக்கவும் செய்தார்கள். 1930-க்குப் பிறகு அந்த மீனை யாரும் பார்க்கவில்லை. ஜப்பானின் தசாவா ஏரியில் மட்டும் இருந்த கூனிமாசுவுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். ட்ரௌட்டும் சால்மனும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1940-இல் நீர்மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாக அமிலம் மிகுந்த ஆற்றுநீரை ஏரிக்குள் திருப்பினார்கள், மீன் ஒழிந்தது. ஆனால் 1935-இல் அதன் முட்டைகளில் ஒரு பங்கு தொலைவிலுள்ள சாய் ஏரிக்கு அனுப்பப்பட்டிருந்தது. 2010-இல் அங்கே கூனிமாசு உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் அது அங்கேயே நீந்திக்கொண்டிருந்தும் இன்ன மீன் என்று எவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது தண்ணீர் ஒன்று இருந்தால் மீன் பிழைக்கும். எந்த மீன், எங்கிருந்து, எப்போது வந்தது என்று எழுதி வைக்காவிட்டால் பிழைத்ததும் தெரியாமல் போகும். குளத்து மீனில் ஒரு பங்கைத் தொட்டியில் காத்து, பிறகு அதே குளத்தில் திரும்ப விடுவதற்கான செய்முறை கீழே வருகிறது. அது முழுவதும் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குமரி மாவட்டத்தில் ட்ரௌட் வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியாது. அதற்கு 20 டிகிரிக்கு மேல் போகாத, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் வேண்டும். நம் குளத்து மேல்நீர் சித்திரை நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டும். நீலகிரியிலும் மூணாறிலும் இருக்கும் ட்ரௌட்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். இங்கே காப்பாற்ற வேண்டியவை விரால், குறவை, பனையேறி, தேளி, கெளுத்தி, ஆரால், அயிரை, சிறு கெண்டை வகைகள், கரிமீன்.

சிறிய நீர்நிலைதானே என்று எதையும் தள்ளிவிட வேண்டாம். இத்தாலியில் ஃபிப்ரேனோ ட்ரௌட்டுக்குப் பெயர் கொடுத்த ஏரியின் பரப்பு 0.3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நம் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி சுமார் 94 ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அந்த ஏரி அடங்கிவிடும்.

எந்தக் குளத்துக்கு இது தேவை

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை தனிக்குளங்கள் அல்ல. அணையில் திறந்த தண்ணீர் சானல் வழியாக ஒரு குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மீனும் கூடவே போகும். இப்படிப்பட்ட குளம் ஒன்று வற்றினாலும் மேலே இருக்கும் குளத்திலிருந்து அடுத்த ஜூன், ஜூலையில் குஞ்சுகள் இறங்கி வந்துவிடும். அங்கே பெரிய தொல்லை வற்றுவதல்ல, அதே சானல் வழியாக வெளிநாட்டு மீன்களான திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இறங்கி வருவதுதான்.

இரண்டாவது தண்ணீர் உண்மையில் தேவைப்படுவது, சானல் தொடர்பு இல்லாமல் மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் குளங்களுக்கும், பாறைக்குழிகளுக்கும், தூர்வாரப் போகும் குளங்களுக்கும்தான். மலையோர ஓடை மீன்கள் வேறு கணக்கு. டாக்கின்சியா ரோகனி என்ற கெண்டை இனம் 2010-இல் இந்த மாவட்டத்து நீர்களிலிருந்துதான் அறிவியலுக்கு அறிமுகமானது. சரணாலயத்துக்குள் ஓடும் ஓடையில் வனத்துறை அனுமதியில்லாமல் வலை இறக்கக் கூடாது. ஓடை மீனைத் தொட்டியில் வைத்துக் காப்பதும் எளிதல்ல. அதை ஓடையிலேயே விட்டுவிடுங்கள்.

சமவெளிக் குளத்திலும் கேட்காமல் இறங்க வேண்டாம். குளம் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கவும். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடமும் பேசிவிட வேண்டும். அவருக்கு விலைபோகும் மீன் கட்லாவும் ரோகுவும். சிறு கெண்டையையும் அயிரையையும் உயிரோடு எடுத்துக்கொள்கிறோம் என்றால் பொதுவாகத் தகராறு வராது. விராலைக் கேட்டால் விலை பேச வேண்டியிருக்கும்.

தொட்டியைக் குளம் வற்றும் முன்பே தயார் செய்தல்

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து அணையை அடைத்ததும் குளங்கள் இறங்கத் தொடங்கும். அப்போது தொட்டி கட்ட ஆரம்பித்தால் நேரம் போதாது. தைக்குள் கட்டி முடித்திருக்க வேண்டும்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம் நல்ல அளவு. 90 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 10,800 லிட்டர் வரும். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயர்ந்திருக்கட்டும், ஐப்பசி மழையில் முற்றத்து வெள்ளம் உள்ளே புகாது. அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிய வேண்டும், வடிகால் அந்த மூலையில். மேலே வழிந்தோடும் குழாய்க்குக் கொசுவலை கட்டி, வழியும் தண்ணீர் சானலுக்கோ ஓடைக்கோ போகாமல் தென்னை மூட்டுக்குத் திருப்பிவிடவும். தொட்டிக் குஞ்சுகள் நாம் நினைக்காத தண்ணீரில் போய்ச் சேராமல் இருக்க இந்த ஒரு ஏற்பாடு போதும்.

தார்ப்பாய்க் குளமும் பயன்படும், செலவு குறைவு. ஆனால் தென்னைக்கு நேர் அடியில் வெட்டக் கூடாது. விழும் மட்டையும் தேங்காயும் பாயைக் கிழிக்கும். கிழிசல் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் தண்ணீர் பாதி இறங்கியிருக்கும்.

புது சிமெண்டுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கொலை. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவான பி.எச். 10-க்கு மேல் ஏறும். அதில் விட்ட மீனுக்கு உடம்பில் சளி கூடும், செவுள் வெந்துபோகும், ஒரே இரவில் எல்லாம் மிதக்கும். தொட்டியை நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டு 15–20 கிலோ போட்டு 8 முதல் 10 நாள் ஊறவிட்டு வடிக்கவும். தேய்த்துக் கழுவி மறுபடியும் அப்படியே செய்யவும். மூன்றாவது முறை வெறும் தண்ணீர் நிரப்பி 3 நாள் கழித்துப் பி.எச். பார்க்கவும். 8.5-க்குக் கீழே நின்றால் சரி, இல்லாவிட்டால் இன்னொரு சுற்று. பி.எச். பார்க்கும் தாளும் சொட்டு மருந்தும் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். மருந்து தாளைவிட நம்பகமானது.

கடைசியாக அடியில் 5 செ.மீ. கழுவிய ஆற்றுமணல், ஒரு பக்கம் மட்டும். அயிரையும் ஆராலும் அதற்குள் புதைந்துதான் நிம்மதியாக இருக்கும். மறுபக்கத்தை வெறும் தரையாக விட்டால் கழிவை உறிஞ்சி எடுப்பது எளிது. உடைந்த ஓடு, மண்பானை, வேலம்பாசி, நாலைந்து ஆம்பல் கிழங்கு போட்டு, 50 சத நிழல்வலையைப் பாதித் தொட்டிக்கு மேல் கட்டவும். ஆகாயத்தாமரையை மட்டும் சேர்க்க வேண்டாம், இரண்டு மாதத்தில் மேற்பரப்பை மூடிவிடும்.

தண்ணீர்

அந்தக் குளத்துத் தண்ணீரையே கொண்டுவருவது சாலச் சிறந்தது. மோட்டார் குழாய் முனையில் நெருக்கமான நைலான் துணிப் பை கட்டி வடிக்கவும். சாதாரணக் கொசுவலை போதாது, திலேப்பியாக் குஞ்சு அதில் நுழைந்துவிடும். வயலுக்கோ வாழைக்கோ மருந்தடித்த வாரத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது. மேற்குப் பகுதியில் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்குக் கீழே ஓடும் ஓடையில் அமிலம் இருக்கும். கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது, அழுகிய முட்டை நாற்றம் வரும். இரண்டும் ஆகாது.

கிணற்று நீரைப் பயன்படுத்தினால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட்டு ஒரு நாள் முழுக்கக் காற்றேற்றவும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, இரும்பும் இருக்கலாம். காற்றேற்றியதும் பழுப்பாகப் படிந்தால் படியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்கவும். குடிநீர்க் குழாய் நீரென்றால் குளோரின் உண்டு. இரண்டு நாள் வெயிலில் திறந்து வைக்கலாம், அவசரமென்றால் 1,000 லிட்டருக்கு 10 கிராம் சோடியம் தயோசல்பேட் கரைத்து ஊற்றலாம்.

நிரப்பியதும் 1 முதல் 1.2 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றினால் ஒரு வாரத்தில் தண்ணீர் லேசாகப் பச்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் பெருகும். குஞ்சுகளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. பச்சை அளவோடு இருக்கிறதா என்று பார்க்கக் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை முங்கும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது, கால்பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மிஞ்சிய பச்சை பகலில் ஆக்சிஜனைக் கொட்டும், விடியற்காலையில் இருப்பதை எல்லாம் உறிஞ்சிவிடும்.

பிடித்தலும் கொண்டுவருதலும்

எத்தனை மீன் எடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது 50 வளர்ந்த மீன் என்று வைத்துக்கொள்ளவும். இரண்டே மீனிலிருந்து தலைமுறை தொடங்கினால் அந்தக் கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் கால்பங்கு ஒரே தலைமுறையில் போய்விடும். ஆணும் பெண்ணும் சரிபாதியாக 50 என்றால் நூற்றில் ஒன்றுதான் போகும். அந்த 50-ஐயும் ஒரே மூலையில் அள்ளக் கூடாது. மடைப் பக்கம், மறுகால் பக்கம், நடுக்குளம், தாமரைப் பத்தை என்று நாலைந்து இடத்தில் எடுக்கவும். ஒரே மூலையில் நிற்கும் குஞ்சுக்கூட்டம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குளம் முழங்காலளவுக்கு இறங்கும்போது பிடிக்க வேண்டும். கணுக்காலளவு சேறாகும்வரை காத்திருந்தால் மீன் ஏற்கெனவே மூச்சுத் திணறி, செவுளில் சேறு அடைத்து இருக்கும். அதைப் பிடித்து வந்தாலும் மூன்றாம் நாள் சாகும். விடியற்காலை 5 முதல் 7.30 மணிக்குள் வேலையை முடிக்கவும்.

இரண்டு பேர் பிடிக்கும் கொசுவலைத் துணி இழுவை, மூங்கில் கூடு, வீசுவலை மூன்றும் சரி. செவுள் மாட்டும் நைலான் தங்கூசி வலை வேண்டாம், செதிலும் செவுளும் கிழியும். மின்சாரம் பாய்ச்சுவதும் நஞ்சு கலப்பதும் சட்டப்படியும் குற்றம். மீனைக் கையால் பிடிக்க நேர்ந்தால் முதலில் கையை நனைத்துக்கொள்ளவும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்தெடுத்துவிடும், அந்த இடத்தில் இரண்டு நாளில் வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை பிடிக்கும்.

சிறு கெண்டை, கரிமீன், அயிரைக்கு ஆக்சிஜன் பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். 5 லிட்டர் தண்ணீர் உள்ள பையில் 5 செ.மீ. மீன் 30 முதல் 40, மூன்று மணி நேரப் பயணம் வரை. தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு கரைத்தால் மீனின் களைப்பு குறையும். விரால், குறவை, பனையேறி, தேளி காற்றைக் குடிக்கும் மீன்கள். மேலே வந்து வாய் திறக்க இடமில்லாமல் நிரம்பிய டிரம்மில் அடைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். அகலமான வாளியில் மீன் முங்கும் அளவு தண்ணீர், மேலே இறுக்கிக் கட்டிய வலை. வலை தளர்ந்திருந்தால் பனையேறி வெளியே வந்துவிடும், வண்டியின் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். தேளியின் முள் குத்தினால் கடுமையாகக் கடுக்கும். தாங்கும் அளவு வெந்நீரில் கையை முக்கி வைத்தால் வலி குறையும், வீங்கினால் மருத்துவரிடம் போகவும்.

கொண்டுவந்ததும் பிரதானத் தொட்டியில் விடக் கூடாது. 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து அங்கே 14 நாள். பையை முதலில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி இன்னும் 20 நிமிடம். இரண்டு தண்ணீருக்கும் வெப்பம் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் இந்த நேரத்தை இரட்டிப்பாக்கவும். அதற்கு முன் உப்புக் குளியல்: செதில் மீன்களுக்கு லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு, ஒரு நிமிடம். கெளுத்தி, தேளி, அயிரை, ஆராலுக்கு 10 கிராம் மட்டும். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடவும். உடம்பில் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரப் புழுவையும், காசுபோல் ஒட்டியிருக்கும் மீன்பேனையும் இடுக்கியால் எடுத்து அந்த இடத்தில் நீர்த்த அயோடின் தொடவும்.

இந்த 14 நாளில்தான் கள்ளக் குஞ்சுகளும் அகப்படும். திலேப்பியாக் குஞ்சின் முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், உடம்பில் மங்கலான செங்குத்துப் பட்டைகள். கரிமீன் குஞ்சென்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒரு ஜோடி திலேப்பியா போதும், ஆறு மாதத்தில் தொட்டி அதனுடையதாகிவிடும்.

யாரை யாருடன் வைப்பது

விரால் தனி. குறவையும் தனி. இரண்டும் வாய்க்குள் போகும் எதையும் விழுங்கும், சொந்தக் குஞ்சையும். 10,000 லிட்டர் தொட்டியில் 200 கிராம் விரால் 25 வரை. சிறு கெண்டை, அயிரை, ஆரால் மூன்றும் ஒரே தொட்டியில் சேர்த்து 150 முதல் 180. காற்றேற்றும் கருவி (ஏரேட்டர்) இருக்கிறதே என்று இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஏரேட்டர் நின்றாலும் பிழைக்கும் எண்ணிக்கைதான் உண்மையான கொள்ளளவு.

50 மீனையும் ஒரே தொட்டியில் வைப்பதும் தவறு. இரண்டு தோப்பில் இரண்டு தொட்டியாகப் பிரிக்கவும். வேறு குளத்து மீனோடு கலக்கவே கூடாது, இனம் ஒன்றேயானாலும். குறிப்பாகக் கோதையாற்றுப் பக்க மீனையும் பழையாற்றுப் பக்க மீனையும்.

தீனியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கருவாட்டுத் தூள். மொத்த மீன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, காலையும் மாலையும் பிரித்து. 15 நிமிடத்தில் தீராத தீனி நஞ்சாகும், மறுநாள் குறைக்கவும். தேங்காய்ப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் ஈரக்காற்றில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், மாட்டோடு நிற்கட்டும். விராலுக்கு மண்புழு, சிறு இறால், நறுக்கிய சாளை. வாரம் ஒருமுறை அடித்தண்ணீரில் 15 சதத்தை உறிஞ்சி மாற்றவும்.

கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் குளிரும்போது விராலுக்கும் குறவைக்கும் உடம்பில் சிவந்த புண் வரும். அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி அது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் எளிதாகப் பரவும். ஐப்பசியிலேயே 10,000 லிட்டருக்கு 200 கிராம் விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது வந்தபின் மருந்து தேடுவதைவிட மேல்.

இனப்பெருக்கம்

நம் குளத்து மீன் பெரும்பாலும் புதுமழைக்குத்தான் முட்டையிடும். அந்த மழையைத் தொட்டியில் நாம் உண்டாக்க வேண்டும். 90 செ.மீ. தண்ணீரைப் 10 நாளில் மெல்ல 50 செ.மீ.க்கு இறக்கவும். அந்த நாட்களில் புழுவும் கொசுப்புழுவும் நிறையக் கொடுக்கவும். பிறகு வானம் மூடிய ஒரு நாளில் மாலை 5 மணிக்கு, சேமித்த மழைநீரைப் பூவாளி வழியாகத் தூவி இரவுக்குள் 15 செ.மீ. ஏற்றவும். வெப்பம் 2 அல்லது 3 டிகிரி இறங்கும். அடுத்த இரண்டு மாலையும் இப்படியே. சிறு கெண்டைகள் மூன்றாம் நாள் விடியலில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். முட்டையை வேலம்பாசியில் சிதறும், திரும்பி வந்து தானே தின்னும். அதனால் பாசிக்குப் பதில் நன்றாக அலசிய கதம்பல் நார்க்கொத்துகளை மிதக்க விட்டு, முட்டை ஒட்டியதும் கொத்தை எடுத்துத் தனித் தொட்டியில் போட்டுவிடவும். அலசாத நாரின் சாயம் தண்ணீரைக் கறுப்பாக்கும், நாரை ஒரு வாரம் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றவும்.

கரிமீனுக்கு மழைநாடகம் தேவையில்லை. ஒரு ஜோடிக்கு ஒரு ஓடோ, தென்னை மட்டைத் துண்டோ சாய்த்து வைத்தால் போதும். ஆணும் பெண்ணும் அந்த இடத்தை வாயால் சுத்தம் செய்யும். ஒட்டிய முட்டைகளைத் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும். வெண்மையான கெட்ட முட்டையைத் தேடிக் கொத்தி எடுத்துவிடும். மூன்று நான்கு நாளில் பொரித்த குஞ்சுகளை அடியில் பறித்து வைத்த சிறு குழிகளுக்கு வாயில் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அன்றாடம் குழி மாற்றும். இந்த நாட்களில் தொட்டியைக் கழுவுவது, வலை விடுவது எதுவும் கூடாது. மிரண்டால் பெற்றோரே குஞ்சைத் தின்றுவிடும். ஒரு குளத்தில் திலேப்பியா பெருகினால் கரிமீன் ஏன் குறைகிறது என்பதும் இங்கே விளங்கும். இரண்டுக்கும் கூடு கட்டும் இடம் ஒன்றே, திலேப்பியா தன் முட்டையை வாயில் வைத்துக்கொண்டு தப்பித்துவிடும், கரிமீனின் முட்டை ஓட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

விரால் செடிகளை விலக்கி வட்டமான இடம் பண்ணி மிதக்கும் முட்டையிடும். ஒன்றரை நாளில் பொரிக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்க, தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். குளத்தில் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் போட்டுக் காவல் விராலைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு மீனோடு குஞ்சுகளில் பெரும்பாலானவை கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரையாகும். குஞ்சு 3 செ.மீ. ஆனதும் வாரம் ஒருமுறை அளவு பிரிக்காவிட்டால் பெரியது சிறியதைத் தின்று முடிக்கும்.

அயிரை, ஆரால் தொட்டியில் குஞ்சு பொரிக்காமல் போகலாம். அவற்றுக்குத் தொட்டி ஒரு கோடையைக் கடத்தும் இடம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய் ஆயிரம் குஞ்சு தந்ததே என்று அத்தனையையும் வளர்த்தால் அடுத்த தலைமுறை முழுக்க உடன்பிறந்தவர்களாகிவிடும். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் சம எண்ணிக்கை, 30 அல்லது 40 வைத்துக்கொண்டு மிச்சத்தை விராலுக்குப் போடவும். கேட்க இரக்கமில்லாததாகத் தோன்றும், ஆனால் இதைச் செய்யாத தொட்டி மூன்றாம் தலைமுறையில் வளைந்த முதுகும் குட்டைத் துடுப்புமாக நிற்கும்.

திரும்ப விடுதல்

குளம் வற்றிக் கிடக்கும் நாட்களே திலேப்பியாவை ஒழிக்க வாய்த்த நேரம். நாட்டு மீனை எடுத்து முடித்தபின் மிஞ்சும் குட்டைகளில், அனுமதி பெற்று, இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றலாம். கணக்கு ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். 10 மீட்டருக்கு 10 மீட்டர், 30 செ.மீ. ஆழக் குட்டைக்கு 7.5 கிலோ வரும். முந்தின இரவே ஊறவைத்து, காலையில் குட்டை முழுவதும் பரவலாகத் தெளிக்கவும். நஞ்சு அடங்க மூன்று வாரம் ஆகும், பின்பு அதுவே உரமாகும். நாட்டு மீன், திலேப்பியா என்று அதற்கு வேறுபாடு கிடையாது, எல்லாவற்றையும் கொல்லும். மாடு குடிக்கும், ஆள் குளிக்கும் குட்டையில் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி சேற்றுக்குள் புதைந்து தப்பும், அதை மண்வெட்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சானல் வாய்மடையில் இரண்டடுக்குக் கம்பிவலை, வெளியே பெரிய கண், உள்ளே சிறிய கண், வைத்தபின்தான் தண்ணீர் விட அனுமதிக்கவும். வலையில் சருகு அடைக்கும், முதல் இரண்டு வாரம் தினமும் தட்டிவிட ஆள் வேண்டும். இந்த ஆள் இல்லாததால்தான் பல ஊர்களில் வலை பிய்ந்து கிடக்கிறது.

முதல் தண்ணீர் வந்த உடனே மீனை விடக் கூடாது. அது சானல் கழிவையும் வயல் மருந்தையும் அடித்துக்கொண்டு வரும். குளம் பாதி நிறைந்து, கலங்கல் தெளிந்து, கரையோரம் பாசி துளிர்க்க மூன்று வாரமாவது ஆகும். தொட்டிக் கூட்டத்தில் பாதியை மட்டும் எடுத்து, குளத்தில் நாலு கம்பு நட்டுக் கட்டிய கொசுவலைக் கூண்டுக்குள் ஏழு நாள் வைக்கவும். வலையின் மேல்பக்கத்தையும் மூடவும், நீர்க்காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏழு நாளும் மீன் தெளிவாக இருந்தால் மாலையில் கோரைப்புல் ஓரமாகத் திறந்துவிடலாம். மறுபாதி தொட்டியிலேயே இருக்கட்டும். குளத்தில் அடுத்த ஆண்டுக் குஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தொட்டிக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும். ஆண்டுதோறும் குளத்திலிருந்து ஏழெட்டுப் புது மீனைத் தொட்டிக்குச் சேர்த்து வந்தால் இரண்டும் ஒரே வழியினராகவே இருக்கும்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: இனத்தின் பெயர், குளத்தின் பெயர், ஊர், பிடித்த தேதி, குளத்தின் எந்தப் பக்கம், எண்ணிக்கை, ஆண் பெண் தெரிந்தால் அது, எந்தத் தொட்டி, இறந்தவை, பிறந்தவை, விட்ட தேதி. ஒவ்வொரு இனத்துக்கும் அளவுகோலை அருகில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம். நோட்டு இரண்டு பிரதி, ஒன்று தொட்டி இருக்கும் வீட்டில், ஒன்று வேறொருவரிடம். தொட்டிச் சுவரிலும் இனமும் குளமும் பெயிண்டால் எழுதியிருக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் வெளிநாடு போய்விட்டால் அடுத்து வருபவர் முதலில் படிப்பது அந்தச் சுவரைத்தான்.